ரத்தத்தில் ஃபைப்ரோமயால்ஜியாவைக் கண்டுபிடிக்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடல் முழுவதும் வலி. விடியும்வரை தூங்கி எழுந்தாலும் அசதி தீர்வதில்லை. சொல்ல வந்தது பாதியில் மறந்துபோகிறது. ரத்தப் பரிசோதனை முடிவுகளோ ஒவ்வொரு முறையும் ‘நார்மல்’ என்றே வருகின்றன. ஃபைப்ரோமயால்ஜியா என்ற இந்த நாள்பட்ட வலி நோய் உள்ளவர்களும் அவர்களுடைய வீட்டாரும் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ரத்தப் பரிசோதனையைச் சுற்றியே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். மருத்துவரைப் பார்ப்பதற்குப் பதிலாக இதைப் படிக்க வேண்டாம். பார்ப்பதற்கு முன்னால் படியுங்கள்.

இந்த நோயை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை ஏதாவது இருக்கிறதா?

இல்லை. ‘உனக்கு ஃபைப்ரோமயால்ஜியா இருக்கிறது’ என்றோ ‘இல்லை’ என்றோ அறுதியிட்டுச் சொல்லும் ரத்தப் பரிசோதனையாக, வாதநோய் மருத்துவ அமைப்புகள் ஏற்றுக்கொண்ட எதுவும் இன்று கிடையாது. ஆய்வுகள் மும்முரமாக நடக்கின்றன. சில பரிசோதனைகள் விற்பனைக்கும் வந்திருக்கின்றன. விற்பனைக்கு வருவதும் நிரூபிக்கப்படுவதும் ஒன்றல்ல என்பதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

அப்படியானால் மருத்துவர் ஏன் இத்தனை பரிசோதனைகளை எழுதிக் கொடுக்கிறார்?

இதே போன்ற வலியையும் களைப்பையும் தரும் வேறு நோய்கள் பல இருக்கின்றன. தைராய்டு சுரப்புக் குறைவு, ரத்தசோகை, வைட்டமின் டி பற்றாக்குறை, ரத்தத்தில் கால்சியம் கூடுவது, தசையழற்சி, முடக்குவாதத்தின் தொடக்கநிலை ஆகியவை அவற்றில் முக்கியமானவை. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நேரடியான மருந்து உண்டு. அப்படி ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயரிட்டுவிடக் கூடாது. அதற்காகத்தான் ரத்த அணுக்களின் எண்ணிக்கை, அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., தைராய்டுக்கான டி.எஸ்.எச்., தேவைப்பட்டால் தசை நொதியான சி.கே. ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்த மாத்திரையே சிலருக்குத் தசைவலி தரும்.

இந்த அடிப்படைப் பட்டியல் சிறியது. நோயாளியைத் தொட்டுப் பார்க்காமலேயே இரண்டு பக்கத்துக்குப் பரிசோதனைகளை எழுதுவதால் தெளிவு பிறப்பதில்லை. குழப்பம்தான் கூடுகிறது. அடுத்த கேள்வி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

எனக்கு ஏ.என்.ஏ. ‘பாசிட்டிவ்’ என்று வந்திருக்கிறது. லூபஸ் நோயா?

அந்த ஒரு முடிவை மட்டும் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியாது. ஏ.என்.ஏ. என்பது நம் சொந்த உயிரணுக்களின் உட்கருவுக்கு எதிரான எதிர்ப்பொருள்களைத் தேடும் பரிசோதனை. எந்த நோயும் இல்லாதவர்களிடமும் அவை காணப்படும். 1997இல் வெளியான, பல ஆய்வகங்கள் சேர்ந்து செய்த ஓர் ஆய்வில், நலமாக இருந்தவர்களின் ரத்தத்தை 40 மடங்கு நீர்க்கச் செய்து பார்த்தபோது ஏறத்தாழ 32 சதவீதம் பேருக்கு முடிவு பாசிட்டிவாக வந்தது. 160 மடங்கு நீர்க்கச் செய்தபோதும் 5 சதவீதம் பேருக்கு வந்தது. எனவே உங்கள் முடிவில் ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் விகிதத்தைப் பாருங்கள். 1:40, 1:80 போன்றவை தாமாகப் பெரிய பொருள் தருவதில்லை. முகத்தில் சிவந்த தடிப்பு, மூட்டு வீக்கம், வாய்ப்புண், சிறுநீரில் புரதம் போன்றவை கூடவே இருந்தால்தான் லூபஸ் பற்றி மேற்கொண்டு ஆராய வேண்டும்.

முடக்குவாதத்துக்கான ஆர்.எஃப். பரிசோதனைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். வயது ஏற ஏற, நோயில்லாமலேயே அது பாசிட்டிவாக வரும் வாய்ப்பும் கூடுகிறது. ஆன்டி-சி.சி.பி. என்ற மற்றொரு பரிசோதனை இந்த வகையில் கூடுதல் நம்பகமானது.

எல்லாம் நார்மல் என்றால், வலி என் மனப்பிரமையா?

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய நிலைக்கு நோயாளியைத் தள்ளுவதே இந்த நோயின் கொடுமைகளில் ஒன்று என்று நினைக்கிறேன். ஈ.எஸ்.ஆரும் சி.ஆர்.பியும் அழற்சியை அளக்கின்றன; வலியை அளப்பதில்லை. வழக்கமான ரத்தப் பரிசோதனைகளில் எதுவுமே வலியை அளப்பதில்லை. ஆகவே அவை நார்மல் என்பதன் பொருள், அவை தேடிய நோய்கள் இல்லை என்பது மட்டுமே.

வேறு இடங்களில் தேடியவர்களுக்கு மாற்றங்கள் தெரிந்திருக்கின்றன. 2002இல் அமெரிக்க ஆய்வாளர்கள், நோயாளிகளின் கட்டைவிரல் நகத்தில் அழுத்தம் கொடுத்தபடியே மூளையை எம்.ஆர்.ஐ. முறையில் படம்பிடித்தார்கள். நலமானவர்களுக்குக் கூடுதல் அழுத்தம் கொடுத்தபோது மூளையில் எந்த வலிப் பகுதிகள் செயல்பட்டனவோ, நோயாளிகளுக்கு அதைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே அவற்றில் பல செயல்பட்டன. அவர்கள் சொன்ன வலிக்கும் மூளை காட்டிய படத்துக்கும் பொருத்தம் இருந்தது.

மூளைத் தண்டுவடத் திரவத்தில், வலிச் செய்தியைக் கடத்தும் ‘சப்ஸ்டன்ஸ் பி’ என்ற பொருள் நலமானவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு இருப்பதை 1994இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் அதைப் பார்க்க முதுகில் ஊசி போட்டுத் திரவம் எடுக்க வேண்டும்; சப்ஸ்டன்ஸ் பி வேறு நாள்பட்ட வலி நோய்களிலும் கூடுகிறது. எனவே அது அன்றாடப் பரிசோதனையாக மாறவில்லை. 2013இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தோலில் சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு நுண் நரம்பிழைகள் குறைந்திருப்பதைக் கண்டன. அதன்பின் வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்தக் குறைவு இருக்கிறது.

வலிச் செய்திகளைக் கையாளும் நரம்பு மண்டலமே அதிக உணர்திறன் கொண்டதாக மாறிவிடுவதால் வரும் வலி என்பதே இன்றைய புரிதல். பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2017இல் இவ்வகை வலிக்கு ‘நோசிபிளாஸ்டிக்’ என்று தனிப்பெயர் கொடுத்து அங்கீகரித்தது.

ரத்தப் பரிசோதனை இல்லாமல் எப்படி நோயை முடிவுசெய்கிறார்கள்?

1990இல் அமெரிக்க வாதநோய்க் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு வகுத்த முறைப்படி, உடலில் குறிப்பிட்ட 18 இடங்களை விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். உடலில் பரவலான வலியும் இருந்து, 11 இடங்களிலாவது வலித்தால் ஃபைப்ரோமயால்ஜியா. அழுத்துகிறவரின் விரல் வலிமைக்கு ஏற்ப முடிவு மாறியது. களைப்பையும் தூக்கத்தையும் அது கணக்கிலேயே எடுக்கவில்லை. 2010இல் அந்த முறை மாற்றப்பட்டு, 2016இல் மேலும் திருத்தப்பட்டது.

இப்போது இரண்டு மதிப்பெண்கள். கடந்த ஒரு வாரத்தில் 19 இடங்களில் எத்தனையில் வலி இருந்தது என்பது முதலாவது. களைப்பு, எழுந்தபின்னும் தெளிவின்மை, நினைவு மற்றும் கவனச் சிக்கல் ஆகியவற்றின் கடுமையையும், தலைவலி, அடிவயிற்று வலி, மனச்சோர்வு ஆகியவை இருக்கின்றனவா என்பதையும் சேர்த்து 12க்குத் தருவது இரண்டாவது. முதலாவது 7 அல்லது அதற்கு மேலும் இரண்டாவது 5 அல்லது அதற்கு மேலும் இருக்க வேண்டும். அல்லது முதலாவது 4 முதல் 6 வரையும் இரண்டாவது 9 அல்லது அதற்கு மேலும் இருக்க வேண்டும். உடலை ஐந்து பகுதிகளாகப் பிரித்தால் நான்கிலாவது வலி இருக்க வேண்டும். இந்த நிலை மூன்று மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும்.

நோயாளி சொல்வதைக் கேட்டு முடிவுசெய்வது அறிவியல் ஆகுமா என்று சிலர் கேட்கிறார்கள். ஒற்றைத் தலைவலியையும் அப்படித்தான் கண்டறிகிறார்கள். அதை யாரும் சந்தேகிப்பதில்லை. வலியைப் பொறுத்தவரை, அதை அனுபவிப்பவரின் சொல்தான் முதல் சான்று.

ரத்தத்தில் ஆய்வாளர்கள் என்னதான் தேடுகிறார்கள்?

உடலின் நிலையைக் காட்டும், அளந்து பார்க்கக்கூடிய அடையாளத்தை பயோமார்க்கர் என்கிறோம். ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு அப்படியொன்றை ரத்தத்தில் பல வழிகளில் தேடுகிறார்கள்.

நோயெதிர்ப்பு உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் சைட்டோகைன் புரதங்கள் ஒரு வழி. இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 ஆகியவை நோயாளிகளின் ரத்தத்தில் கூடியிருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன; வேறுபாடே இல்லை என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஒரு பரிசோதனை வேறு கோணத்தில் போகிறது. ரத்தத்தில் இருக்கும் அளவைப் பார்க்காமல், வெள்ளை அணுக்களைப் பிரித்தெடுத்து ஆய்வகத்தில் தூண்டிவிட்டு, அவை சுரக்கும் நான்கு புரதங்களை அளக்கிறது. நோயாளிகளின் அணுக்கள் குறைவாகச் சுரக்கின்றன என்பது அதன் அடிப்படை. ஆனால் மனச்சோர்வு, உடல்பருமன், தூக்கமின்மை ஆகிய மூன்றுமே சைட்டோகைன்களைப் பாதிக்கக்கூடியவை. மூன்றுமே இந்த நோயாளிகளிடம் அதிகம் காணப்படுபவை. எது நோயின் அடையாளம், எது அதன் கூடவே வந்தது என்று பிரிப்பது எளிதல்ல.

ஒளியை வைத்துத் தேடுவது இன்னொரு வழி. உலர்ந்த ரத்தத் துளியின் மீது அகச்சிவப்பு ஒளியையும் லேசர் ஒளியையும் செலுத்தி, மூலக்கூறுகள் தரும் அதிர்வுக் கோலத்தைப் பதிவுசெய்கிறார்கள். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகக் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில் 50 ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகளையும், முடக்குவாதம், மூட்டுத் தேய்மானம், லூபஸ் உள்ள 71 பேரையும் இப்படிப் பிரித்துக் காட்டினார்கள். நலமானவர்களோடு மட்டும் ஒப்பிடாமல், குழப்பம் தரக்கூடிய பிற நோயாளிகளோடு ஒப்பிட்டது இந்த ஆய்வின் பலம். மருத்துவருக்கு முன்னால் இருக்கும் உண்மையான சிக்கல் அதுதானே. மொத்தம் 121 பேர் மட்டுமே என்பது அதன் வரம்பு.

நுண் ஆர்.என்.ஏ., அமினோ அமிலங்கள் போன்றவற்றைத் தேடும் ஆய்வுகளும் உண்டு. பெரும்பாலும் சில டஜன் நோயாளிகளைக் கொண்ட சிறிய ஆய்வுகள் அவை. ஒன்று காட்டும் பட்டியலும் அடுத்தது காட்டும் பட்டியலும் அரிதாகவே ஒத்துப்போகின்றன.

எலிகளில் செய்த ஆய்வு ஒன்றைப் பற்றிப் படித்தேன். ஃபைப்ரோமயால்ஜியா, உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே உடலைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோயா?

2021இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி, லிவர்பூல் பல்கலைக்கழகம், ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு அது. இந்தத் துறையில் அண்மையில் வந்தவற்றில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது அதுதான்.

நோயாளிகளின் ரத்தத்திலிருந்து ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்பொருள்களைப் பிரித்து எலிகளுக்குச் செலுத்தினார்கள். எலிகளுக்கு அழுத்தமும் குளிரும் வழக்கத்தைவிட அதிகமாக வலித்தன. பிடிப்பு வலிமையும் நடமாட்டமும் குறைந்தன. நலமானவர்களின் எதிர்ப்பொருள்களைச் செலுத்தியபோது அப்படி நிகழவில்லை. நோயாளிகளின் ரத்தச் சீரத்திலிருந்து ஐ.ஜி.ஜி.யை நீக்கிவிட்டுச் செலுத்தியபோதும் நிகழவில்லை. சில வாரங்களில் எதிர்ப்பொருள்கள் உடலைவிட்டு நீங்கியதும் எலிகள் பழைய நிலைக்குத் திரும்பின. அந்த எதிர்ப்பொருள்கள் தண்டுவடத்துக்குச் சற்று வெளியே உள்ள நரம்பு முடிச்சுகளில், நரம்பணுக்களைச் சூழ்ந்திருக்கும் துணை அணுக்களோடு ஒட்டியிருந்தன.

இதை வைத்து ‘ஃபைப்ரோமயால்ஜியா ஒரு தன்னெதிர்ப்பு நோய்’ என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனால் நோயாளிகளில் ஒரு பிரிவினருக்காவது ரத்தத்தில் ஒரு காரணப்பொருள் இருக்கலாம் என்ற கருத்துக்கு இது வலுவூட்டுகிறது. சைட்டோகைன் அளவு போன்றவை நோயோடு சேர்ந்து ஏறி இறங்கும் எண்கள். இதுவோ வலியை உண்டாக்கும் பொருளையே தொட முயல்கிறது. அந்த எதிர்ப்பொருள்கள் எந்த மூலக்கூறைப் பற்றுகின்றன என்பது உறுதியானால், அதற்கென ஒரு ரத்தப் பரிசோதனையை வடிவமைக்க வழி பிறக்கும்.

‘93 சதவீதம் துல்லியம்’ என்று விளம்பரம் சொல்கிறது. அது போதாதா?

போதாது. ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

ஒரு பரிசோதனை, நோயுள்ளவர்களில் 93 சதவீதம் பேரையும் நோயில்லாதவர்களில் 89 சதவீதம் பேரையும் சரியாக இனம்காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மக்களில் 2 முதல் 4 சதவீதம் பேருக்கு ஃபைப்ரோமயால்ஜியா இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். 3 என்று கொள்வோம். ஆயிரம் பேருக்குப் பரிசோதனை செய்தால் நோயுள்ள 30 பேரில் 28 பேருக்கு பாசிட்டிவ் வரும். நோயில்லாத 970 பேரில் 11 சதவீதம், அதாவது ஏறத்தாழ 107 பேருக்கும் பாசிட்டிவ் வரும். மொத்தம் 135 பாசிட்டிவ் முடிவுகளில் உண்மையானவை 28. ஐந்து பேரிடம் ‘நோய் இருக்கிறது’ என்று சொன்னால் நான்கு பேரிடம் தவறாகச் சொல்கிறோம்.

இதே பரிசோதனையை, ஏற்கெனவே பாதிப் பேருக்கு நோய் இருக்கும் ஒரு சிறப்பு மருத்துவரின் அறையில் செய்தால் பாசிட்டிவ் முடிவுகளில் 89 சதவீதம் சரியாக இருக்கும். பரிசோதனை மாறவில்லை, யாருக்குச் செய்கிறோம் என்பதுதான் மாறியது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் எண் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. ஒப்பீட்டுக்கு எடுத்தவர்கள் யார் என்பதும் முக்கியம். கடுமையான நோயாளிகளையும் முழு நலத்தோடு இருப்பவர்களையும் பிரித்துக் காட்டுவது எளிது. களைப்பும் மூட்டுவலியுமாக வந்து நிற்கும் இருவரில் யாருக்கு எந்த நோய் என்று சொல்வதுதான் கடினம்.

இத்தனை ஆண்டுகளாகியும் ஏன் ஒன்றைக் கண்டுபிடிக்க முடியவில்லை?

முதல் தடை, ஒப்பிட்டுப் பார்க்க உறுதியான அளவுகோல் இல்லாதது. புதிய பரிசோதனை சரியா தவறா என்பதை எதை வைத்துத் தீர்மானிப்பது? மேலே சொன்ன கேள்வி-பதில் மதிப்பெண்ணை வைத்துத்தான். அப்படியிருக்க, மதிப்பெண்ணைவிடச் சிறந்தது என்று அந்தப் பரிசோதனையால் நிரூபிக்கவே முடியாத ஒரு வட்டத்துக்குள் சிக்கிக்கொள்கிறோம்.

இரண்டாவது, இது ஒரே நோய்தானா என்ற கேள்வி. நுண் நரம்பிழைகள் குறைந்தவர்கள் பாதிப் பேர் என்றால், மற்றப் பாதிப் பேரின் வலி வேறு வழியில் வருகிறதா? பல நோய்களை ஒரே பெயரில் சேர்த்துவைத்திருந்தால், எல்லோருக்கும் பொதுவான ஒரே அடையாளத்தை எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. ‘நோய் உண்டா’ என்று சொல்லும் பரிசோதனையைவிட, ‘இந்தப் பிரிவினருக்கு இந்த மருந்து உதவும்’ என்று பிரித்துச் சொல்லும் பரிசோதனைதான் முதலில் பயனுக்கு வரும் என்பது என் எண்ணம்.

சாப்பிடும் மாத்திரை, உடல் எடை, ரத்தம் எடுத்த நேரம், எடுத்தபின் அதை வைத்திருந்த விதம் ஆகிய அனைத்தும் முடிவை மாற்றக்கூடியவை என்பது மூன்றாவது தடை.

பணம் கட்டி இப்படியொரு பரிசோதனை செய்துகொள்ளலாமா?

வேண்டாம் என்பேன். பாசிட்டிவ் வந்தாலும் நெகட்டிவ் வந்தாலும் மருத்துவர் உங்கள் அறிகுறிகளை வைத்தே முடிவெடுக்கப் போகிறார். அதைவிட, தவறான நெகட்டிவ் முடிவு ஒன்று, உண்மையாகவே நோயுள்ள ஒருவரை ‘உனக்கு ஒன்றுமில்லை’ என்ற பேச்சுக்கு மறுபடியும் ஆளாக்கிவிடும் என்பதே என் பெரிய கவலை.

பரிசோதனையில் உறுதியானால் சிகிச்சை மாறுமா?

இப்போதைக்கு மாறாது. 2017இல் வெளியான ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பின் பரிந்துரைகளில், ‘வலுவான பரிந்துரை’ என்ற தகுதி உடற்பயிற்சிக்கு மட்டுமே கிடைத்தது. மெதுவாகத் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டிய பயிற்சி அது. மருந்துகளில் பிரெகாபலின், டுலாக்ஸெட்டின், குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் போன்றவை சிலருக்கு உதவுகின்றன. மார்ஃபின் போன்ற வீரியமிக்க ஓபியாய்டு வலி மாத்திரைகளை அந்தப் பரிந்துரைகள் ஏற்கவில்லை. இவற்றில் எதைத் தொடங்கவும் ரத்தத்தில் ஓர் அடையாளம் தேவையில்லை.

அலுவலகத்திலும் வீட்டிலும் நம்ப மறுக்கிறார்கள். காட்டுவதற்கு ஒரு ரிப்போர்ட்டாவது வேண்டாமா?

இந்த ஏக்கம் முழுக்க நியாயமானது. பல நாடுகளில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், நோயின் பெயரைத் தெரிந்துகொள்ளவே நோயாளிகளுக்குச் சராசரியாக 2.3 ஆண்டுகளும் மூன்று நான்கு மருத்துவர்களும் தேவைப்பட்டிருக்கிறார்கள். அத்தனை காலம் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டவருக்கு ஒரு தாள் எவ்வளவு பெரிய ஆறுதலாக இருக்கும் என்பது புரிகிறது.

மருத்துவர் எழுதித்தரும் நோயறிக்கையே சான்றுதான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் ஃபைப்ரோமயால்ஜியா முந்தைய பத்தாம் பதிப்பிலேயே இடம்பெற்றிருக்கிறது. 2022இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பு, நாள்பட்ட முதன்மை வலி என்ற பிரிவில் அதை வைக்கிறது. அறிக்கையில் இந்த வகைப்பாட்டு எண்ணையும், இரண்டு மதிப்பெண்களையும், தினசரி வேலைகளில் எவை முடியவில்லை என்பதையும் குறிப்பிடும்படி கேளுங்கள்.

எனக்கு ஏற்கெனவே முடக்குவாதம் இருக்கிறது. இதுவும் கூட இருக்க முடியுமா?

முடியும். 2016 திருத்தம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: வேறு நோய் இருப்பது ஃபைப்ரோமயால்ஜியாவை விலக்கிவிடாது. வழக்கமான ரத்தப் பரிசோதனைகள் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் இது. வலி கூடுகிறது, ஆனால் மூட்டில் வீக்கமில்லை, சி.ஆர்.பி.யும் ஈ.எஸ்.ஆரும் அடங்கியிருக்கின்றன என்றால், முடக்குவாத மருந்தின் வீரியத்தைக் கூட்டுவதற்கு முன் ஃபைப்ரோமயால்ஜியாவையும் மருத்துவர் எண்ணிப்பார்க்க வேண்டும்.

குடும்பத்தில் மற்றவர்களுக்கும் வருமா? மரபணுப் பரிசோதனை செய்யலாமா?

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல்தான். ஆனால் ஒற்றை மரபணுவால் வருவதல்ல இந்த நோய். பயன்தரும் மரபணுப் பரிசோதனை எதுவும் இதற்கு இல்லை.

ஒருமுறை நோய் உறுதியானபின், ரத்தப் பரிசோதனையை எப்போது மறுபடி செய்ய வேண்டும்?

ஆண்டுதோறும் வழக்கமாகச் செய்ய வேண்டியதில்லை. புதிதாக ஏதாவது தோன்றினால் செய்ய வேண்டும். மூட்டு வீங்கிச் சூடாக இருப்பது, விடாத காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, வலியால் அல்லாமல் உண்மையிலேயே வலுவிழந்து படியேறவோ கையைத் தூக்கவோ முடியாமல் போவது ஆகியவற்றை ஃபைப்ரோமயால்ஜியாவின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். ஐம்பது வயதைக் கடந்தவருக்குத் தோள்களிலும் இடுப்பிலும் புதிதாகக் காலை நேர இறுக்கம் தொடங்கினால், பாலிமயால்ஜியா ருமேட்டிகா என்ற வேறு நோயாக இருக்கலாம், அதில் ஈ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும் பெரும்பாலும் கூடியிருக்கும், ஸ்டீராய்டு மருந்துக்கு அது விரைவில் கட்டுப்படும். அந்த இறுக்கத்தோடு புதிய தலைவலியோ, மெல்லும்போது தாடை வலியோ, பார்வை மங்கலோ சேர்ந்தால் மறுநாள்வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தக் குழாய் அழற்சியால் பார்வை பறிபோகும் ஆபத்து அதில் இருக்கிறது.